நாடக வகுப்புக்குக் கையெழுத்திடலாமா?

நகரத்தில் நம் பிள்ளைகள் – மாதப் பகுதி



இம்மாதம் ஒரு தாயாரின் கடிதத்தைச் சிந்தனைக்கு எடுத்துக்கொள்கிறேன். மும்பையின் புறநகர் ஒன்றிலிருந்து எழுதியிருக்கிறார்கள். கடிதம் நீண்டது, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர்களுடைய மகள் ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். பாடங்களோடு கூட ஏதேனும் ஒரு கலையையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பள்ளியில் அறிவித்திருக்கிறார்கள். ஓவியம், இசை, நாடகம் ஆகிய மூன்றில் ஒன்று. மகள் நாடகத்தின் எதிரே குறியிட்டு, கையெழுத்துக்காகப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தகப்பனார் வாங்கிப் பார்த்தார். “நடிப்புப் படிக்கவா ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து உழைக்கிறேன்?” என்று கேட்டு, படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்று நாட்களாக அது சாப்பாட்டு மேசையின்மேல் கிடக்கிறது.

தாயாருக்கும் தயக்கம்தான். “வகுப்பில் இவள் வாய் திறப்பதே இல்லை என்று ஆசிரியை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லுகிறார்கள். வாசிக்கச் சொன்னால்கூட எழுந்து நின்று அழுதுவிடுகிறாளாம். இவளுக்கு நாடகம் எதற்கு? நாலுபேர் முன்னால் வெட்கப்படவா?” என்று கேட்கிறார்கள். கடிதத்தின் கடைசியில் வேறொரு காரியத்தையும் எழுதியிருக்கிறார்கள். போன மாதம் பள்ளி வாசலில் மகளைக் கண்டு, “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டிருக்கிறார்கள். மகள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “இங்க தமிழ்ல பேசாதீங்கம்மா” என்று மெதுவாகச் சொன்னாளாம்.

கடிதத்தின் மற்ற எல்லா வரிகளையும்விட இந்த ஒரு வரியிலேயே என் மனம் நின்றது. எனவே பதிலையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அவள் ஏற்கெனவே நடித்துக்கொண்டிருக்கிறாள்

வேறு மாநிலத்து நகரத்தில் வளரும் நம் பிள்ளைகளின் ஒரு நாளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ். படிக்கட்டு இறங்கினால் இந்தி. வகுப்பில் ஆங்கிலம். மகாராஷ்டிரத்தில் என்றால் மராத்தியும் பாடமாக உண்டு. இந்த நான்கில் எதில் தவறினாலும் சிரிப்பதற்கு ஒருவர் இருக்கிறார். வீட்டில் ஆங்கிலம் கலந்தால் பாட்டி சிரிக்கிறார்கள். தெருவில் இந்தியின் ஆண்பால் பெண்பால் தவறினால் தோழிகள் சிரிக்கிறார்கள். பெரியவர்களாகிய நாம் பிழையோடு பேசியே காலத்தை ஓட்டிவிட்டோம்; காய்கறி வாங்கவும் ரயிலில் இடம் கேட்கவும் அது போதுமாயிருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்படியல்ல. சிரிப்புக்கு அஞ்சி அவள் ஒரு வழியைக் கண்டுபிடிக்கிறாள். பேசாமலிருந்துவிடுகிறாள். சாப்பாட்டு டப்பாவைப் பாதி மூடியபடி உண்கிறாள். தன் பெயரைப் பிறர் வாய்க்கு ஏற்றபடி சுருக்கிக்கொள்கிறாள். தாயின் மொழி தன் மொழியல்ல என்பதுபோல நடந்துகொள்கிறாள்.

இதுவும் நடிப்புத்தான் அல்லவா? யாரும் கற்றுக்கொடுக்காத, காலை எட்டு மணி முதல் மாலை வரை ஓய்வில்லாத நடிப்பு. “என் மகள் நடிக்கக் கற்றுக்கொள்ளலாமா?” என்று கேட்குமுன், இந்த நடிப்பை அவள் எங்கே இறக்கி வைப்பாள் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த வகுப்பில் நடப்பது என்ன?

நாடக வகுப்பு என்றவுடன் நம் மனக்கண்ணில் வருவது சினிமா. அல்லது ஆண்டுவிழாவில் பூசப்படும் பவுடரும் வாடகை உடையும். தொடக்கநிலை நாடக வகுப்பில் பெரும்பாலும் இவை இரண்டுமே இருப்பதில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் நடத்தினால், முதல் சில வாரங்களுக்கு மனப்பாடம் செய்ய வசனம்கூட இராது.

மேசை நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு எல்லாரும் வட்டமாக நிற்பார்கள். வட்டத்தில் முதல் வரிசையும் இல்லை, கடைசி வரிசையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லி, ஓர் அசைவும் செய்வார்கள். மற்ற அனைவரும் அந்தப் பெயரையும் அசைவையும் அப்படியே திரும்பச் செய்வார்கள். தன் பெயரை முப்பதுபேர் முழுமையாக உச்சரிப்பதை ஒரு பிள்ளை கேட்பது சிறிய காரியமல்ல.

அடுத்தது மூச்சு. தொண்டையிலிருந்து கத்தாமல், விலா எலும்புகள் விரிய மூச்சை உள்வாங்கி, உதரவிதானத்தின் பலத்தோடு குரலை வெளியே விடப் பழக்குவார்கள். முதலில் முனகல், பிறகு உயிரெழுத்து ஒலிகள், பிறகு அறையின் மறுகோடியில் நிற்பவருக்குக் கேட்கும்படி ஒரு சொல். சத்தமாகப் பேசுவதும் கேட்கும்படி பேசுவதும் வேறு வேறு என்பதை அங்கே கற்றுக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரம் பேசியதற்கே தொண்டை கட்டிப்போகிறவர்கள் நம்மிடையே எத்தனைபேர்!

கண்ணாடி விளையாட்டு என்று ஒன்று உண்டு. இருவர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் மெதுவாகக் கையை உயர்த்தினால், மற்றவர் கண்ணாடிப் பிம்பம்போல அதே நேரத்தில் உயர்த்த வேண்டும். சிறிது நேரத்தில் யார் முன்னே செய்கிறார், யார் பின்பற்றுகிறார் என்பதே தெரியாமல் போகும். ஒருவரை ஒருவர் முழுக் கவனத்தோடு பார்ப்பதே இதில் பாடம்.

பின்பு வருவது, எழுதிவைத்த வசனம் இல்லாமல் அந்த நேரத்திலேயே உருவாக்கிச் செய்யும் சிறு காட்சிகள். “இது ரயில் நிலையம், ஒருவர் வண்டியைத் தவறவிட்டார், மற்றவர் பொட்டலம் விற்கிறவர்” என்று ஆசிரியர் சொல்லுவார். மீதியைப் பிள்ளைகளே நடத்த வேண்டும். இங்கே ஒரு விதி உண்டு. கூட நடிப்பவர் சொன்னதை மறுக்கக் கூடாது. “ஆம்” என்று ஏற்று, அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். “மழை வருகிறதே” என்று ஒருவர் சொன்னால், “எங்கே மழை?” என்று கேட்டால் காட்சி அங்கேயே விழுந்துவிடும். “என் பொட்டலமெல்லாம் நனைகிறதே, குடையைக் கொஞ்சம் இப்படிப் பிடியுங்கள்” என்றால் காட்சி நடக்கும். பிறர் சொல்லுவதைச் செவிகொடுத்துக் கேளாதவரால் இந்த விதியைக் காக்க இயலாது. நம் குடும்பங்களிலேயே இந்த விதி பழக்கத்தில் இருந்தால் எத்தனை சண்டைகள் தொடங்காமலே போகும்!

இவற்றுக்குப் பின்னரே எழுதப்பட்ட நாடகப் பக்கம் கைக்கு வரும். “இந்த மனிதர் இந்தக் காட்சியில் எதை விரும்புகிறார்? அதற்குத் தடையாக இருப்பது எது?” என்று கேட்டுக் கேட்டு வாசிப்பார்கள். ரஷ்ய நாடக ஆசான் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி (1863–1938) தம் மாணவர்களைக் கேட்கத் தூண்டிய கேள்வியும் எளியதே: இந்த நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன்? பிறருடைய செருப்பில் கால் வைத்துப் பார்க்கும் இந்தக் கேள்வியைப் பாடப்புத்தகங்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை.

மேடைக்கு வர விரும்பாத பிள்ளைக்கும் வேலையுண்டு. பொருள்களைச் சேகரித்து உரிய நேரத்தில் எடுத்துக்கொடுப்பது, விளக்கைக் கவனிப்பது, மறந்துபோன வசனத்தை மறைவிலிருந்து நினைவூட்டுவது என்று பல பொறுப்புகள் உள்ளன. காட்சி நன்றாக நடந்தால் அவர்களுக்கும் அதில் சமபங்கு உண்டு.

மொழி தெரியாத பிள்ளைகளுக்கென்று தோன்றியவை

இந்த விளையாட்டுகளில் பல எங்கே உருவாயின என்பது நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் பொருத்தமான செய்தி. அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில், பிழைப்புத் தேடி வந்து குடியேறிய ஏழைக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதியில், 1889ஆம் ஆண்டு ஜேன் ஆடம்ஸ் என்பவரும் அவர் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் ‘ஹல் ஹவுஸ்’ என்னும் சமூக நல இல்லத்தைத் தொடங்கினார்கள். இத்தாலியர், கிரேக்கர், யூதர் எனப் பல நாட்டவரின் பிள்ளைகள் அங்கே வந்தார்கள். அங்கு நீவா பாய்ட் என்னும் அம்மையார் விளையாட்டின் வழியாகப் பிள்ளைகளைப் பழக்கும் முறையைக் கற்பித்துவந்தார். 1920களில் அவரிடம் பயின்றவர் வயோலா ஸ்போலின் (1906–1994). இவரும் ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவரே.

1930களின் இறுதியில், அரசாங்க வேலைத் திட்டம் ஒன்றின்கீழ் இத்தகைய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நாடகம் கற்பிக்கும் பொறுப்பு ஸ்போலினிடம் வந்தது. பல நாட்டுப் பழக்கங்களோடு வந்தவர்களை விரிவுரையால் ஒன்றுசேர்க்க முடியவில்லை. ஆகவே அவர் விளையாட்டுகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். பல ஆண்டு அனுபவத்தைத் திரட்டி 1963இல் அவர் வெளியிட்ட நூல், இன்றும் உலகமெங்கும் நாடக ஆசிரியர்களின் கைநூலாக இருக்கிறது.

அவருடைய விளையாட்டுகளுள் ஒன்று ‘உளறல் மொழி’. எந்த மொழியிலும் இல்லாத வெற்று ஒலிகளைக் கொண்டே ஒருவர் ஒரு பொருளை விற்க வேண்டும். அல்லது ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். முகம், கை, குரலின் ஏற்ற இறக்கம் இவையே துணை. இந்த விளையாட்டில் ஆங்கிலம் சரளமாகத் தெரிந்த பிள்ளைக்கு எந்த அனுகூலமும் கிடையாது. எல்லாரும் ஒரே தரையில் நிற்கிறார்கள். நான்கு மொழிகளுக்கிடையே அன்றாடம் கைஜாடையாலும் முகக்குறிப்பாலும் பிழைத்துவரும் நம் பிள்ளையோ, ஒருவேளை மற்றவர்களைவிட ஓரடி முன்னேயும் நிற்கலாம்.

வாய் திறவாத பிள்ளைக்கு நாடக வகுப்பு எதற்கு என்று கேட்டீர்கள், சகோதரி. இதற்காகத்தான். வாசிக்கச் சொன்னால் அழுகிற பிள்ளை, பிழைக்கு அஞ்சி அழுகிறாள். பிழை என்பதே இல்லாத ஒரு மணி நேரம் அவளுக்கு வாரத்தில் இரண்டுமுறை கிடைக்கட்டும். படிவத்தில் நாடகத்தின் எதிரே குறியிட்டது அவளே என்பதை மறந்துவிடாதீர்கள். பேசாத பிள்ளை தானாகவே அதைக் கேட்கிறாள் என்றால், தனக்கு எது தேவை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நடிப்பது பொய்யல்லவா?

தகப்பனாரின் தயக்கத்தையும் நாம் மதிக்க வேண்டும். நம்முடைய குடும்பங்களில் நாடகம், சினிமா என்றாலே விலகி நிற்கும் வழக்கம் உண்டு. “இல்லாததை இருப்பதாகக் காட்டுவது பொய்தானே?” என்று நேர்மையாகக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வேதத்தில் ‘மாயக்காரர்’ என்று நாம் வாசிக்கும் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல், மேடை நடிகனைக் குறித்த சொல்லே என்பது உண்மை. ஆனால் அந்தக் கண்டனம் யாருக்கு வந்தது என்று பாருங்கள். மேடையில் நின்றவர்களுக்கு அல்ல. வீதிகளின் சந்திகளில், மனுஷர் காணும்படி ஜெபித்தவர்களுக்கு. மேடையில் நடிப்பவர் எவரையும் ஏமாற்றுவதில்லை. அவர் அரசனல்ல என்பது பார்க்கிறவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் ஒத்துக்கொண்டு செய்வதில் வஞ்சனை இல்லை. ஒத்துக்கொள்ளாத இடத்தில், உண்மை என்று நம்பவைத்துப் போடும் வேஷமே பொய்யாகிறது. எசேக்கியேல் ஒரு செங்கலின்மேல் எருசலேம் நகரத்தை வரைந்து, அதை முற்றிக்கை போட்டு, அதன் எதிரே படுத்துக்கிடந்ததை நாம் பொய் என்று சொல்லுவதில்லையே. கிறிஸ்துமஸ் நாட்களில் நம் சிறுவர்கள் மேய்ப்பர்களாக நிற்பதையும் நாம் மகிழ்ச்சியோடு பார்க்கிறோம்.

எல்லா நாடகமும் நல்லது என்று நான் சொல்லவில்லை. எந்தக் கதை, எந்தப் பாத்திரம் என்று பார்த்துத் தெரிந்துகொள்வது பெற்றோரின் கடமை. நல்ல புத்தகம், கெட்ட புத்தகம் என்று இரண்டும் இருப்பதற்காக வாசிக்கக் கற்றுக்கொடுப்பதை நாம் நிறுத்துவதில்லை.

படிப்பு கெட்டுப்போகுமா?

“மதிப்பெண் குறைந்தால் என்ன செய்வது?” என்பது அடுத்த பயம். கல்வித்துறை இப்போது நாடகத்தைப் படிப்புக்கு வெளியே வைத்துப் பார்ப்பதில்லை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவே, இசை, நடனம், காட்சிக்கலை, நாடகம் ஆகிய நான்கையும் பத்தாம் வகுப்பு வரையில் பாடமாக வைக்கப் பரிந்துரைத்தது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, கலைக்கும் அறிவியலுக்கும் நடுவே கடினமான பிரிவினை வேண்டாம் என்கிறது. 2024இல் ஆறாம் வகுப்புக்கு வெளிவந்த என்.சி.இ.ஆர்.டி.யின் ‘கிருதி’ என்னும் கலைப் பாடநூலில் நாடகத்துக்கென்று தனிப்பகுதியே இருக்கிறது. டெல்லியில் 1959இல் தொடங்கப்பட்ட தேசிய நாடகப் பள்ளி, சிறுவர்களுக்காக 1989 முதல் தனிக்குழு ஒன்றை நடத்திவருகிறது.

இவையெல்லாம் நம் பிள்ளைகளை நடிகர்களாக்குவதற்கு அல்ல. கணக்கு படிக்கிறவர்கள் எல்லாரும் கணித மேதைகளாவதில்லை. நாளைக்கு உங்கள் மகள் வேலைக்கு நேர்முகத் தேர்வில் உட்காரும்போது, நிமிர்ந்து உட்காரவும், கேள்வியை முழுதும் கேட்கவும், மூச்சு வாங்காமல் பதில் சொல்லவும் தெரிந்திருந்தால் அதுவே போதுமான பலன்.

கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை

கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட வேண்டாம். பள்ளிக்குச் சென்று இவற்றைக் கேளுங்கள்.

1. வகுப்பை நடத்துகிறவர் யார்? பள்ளியின் ஆசிரியரா, வெளியிலிருந்து வருகிறவரா? வெளியார் எனில், வகுப்பில் பள்ளி ஆசிரியர் ஒருவரும் உடனிருப்பாரா?

2. வகுப்பு பள்ளி நேரத்துக்குள் நடக்கிறதா? ஒத்திகை என்று மாலையில் நிறுத்திக்கொள்வார்களா? இருட்டிய பின் பிள்ளை எப்படி வீடு திரும்புவாள்?

3. தொடுதல் வேண்டியிருக்கும் பயிற்சிகளில், பிள்ளை “வேண்டாம்” என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்வார்களா? மனத்துக்கு ஒவ்வாத பாத்திரத்தை மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டா?

4. உடைக்கும் ஒப்பனைக்கும் தனிக் கட்டணம் உண்டா? தொடக்கநிலை வகுப்புக்கு அன்றாட உடையே போதும். அதிகம் கேட்டால் காரணம் கேளுங்கள்.

5. பிள்ளைகளைப் படம்பிடித்து இணையத்தில் வெளியிடுவார்களா? அதற்குத் தனி அனுமதி கேட்பார்களா?

இவற்றுக்குத் தெளிவான பதில் தருகிற பள்ளியை நம்பலாம். கேள்வி கேட்டதற்கே கோபப்படுகிற இடத்தில் சற்று யோசியுங்கள்.

உங்கள் இந்தியைக் குறித்தோ ஆங்கிலத்தைக் குறித்தோ கூச்சப்பட்டு, பள்ளிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தெரிந்த மொழியில் கேளுங்கள். பிழையோடு பேசுகிற பெற்றோர் தலைநிமிர்ந்து நிற்பதைப் பிள்ளை ஒருமுறை பார்த்தால், அதுவே அவளுக்கு முதல் நாடகப் பாடம்.

வீட்டில் நாம் செய்யத் தக்கது

வகுப்பிலிருந்து வந்தவுடன், “எங்கே, நடித்துக் காட்டு” என்று விருந்தினர் முன்னால் நிறுத்தாதீர்கள். அது அவளை மறுபடியும் பழைய பயத்துக்குள் தள்ளும். “இன்று என்ன விளையாடினீர்கள்?” என்று கேட்டால் போதும். கண்ணாடி விளையாட்டை அவளோடு நீங்களும் ஒருமுறை விளையாடிப் பாருங்கள். ஐந்து நிமிடம் மகளின் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பது, வேலை வேலை என்று ஓடுகிற தகப்பனார்களுக்கு எத்தனை அரிய காரியம் என்று அப்போது தெரியும்.

ஊர்க் கதைகளை அவளுக்குச் சொல்லுங்கள். வகுப்பில் ஒரு காட்சிக்குக் கதை தேடும்போது, தாத்தா முதன்முறை மும்பைக்கு ரயிலேறி வந்த கதையை, மொழி தெரியாமல் தாதரில் இறங்குவதற்குப் பதிலாக வேறெங்கோ இறங்கி அலைந்த கதையை அவள் எடுத்துக்கொண்டு போகலாம். அந்தக் கதைகளை நாம் சொல்லாமலிருந்தால், தன்னிடம் சொல்லுவதற்கு எதுவும் இல்லை என்றே பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

ஆண்டின் இறுதியில் பெரும்பாலும் ஒரு சிறிய காட்சி நடத்திப் பெற்றோரை அழைப்பார்கள். பத்து நிமிடந்தான் இருக்கும். உங்கள் மகளுக்கு ஒரே ஒரு வசனம் இருக்கலாம். அல்லது விளக்கைப் போட்டு அணைக்கிறவளாக மட்டும் இருக்கலாம். அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இருவரும் போங்கள். தகப்பனார் கட்டாயம் போகட்டும்.

காட்சி முடிந்து பள்ளி வாசலில் அவள் உங்களிடம் ஓடி வருவாள். அப்போது எந்த மொழியில் பேசுவாள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஓர் ஆண்டில் எல்லாம் மாறிவிடாது. ஆனாலும் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். போன மாதம் கேட்ட அதே கேள்வியை, அதே தமிழில், சற்றே கேட்கும்படியாகக் கேளுங்கள். அவள் சுற்றுமுற்றும் பாராமல் “இன்னும் இல்லம்மா” என்று பதில் சொன்னால், அந்தக் கையெழுத்து வீண்போகவில்லை.

ஆகவே, சகோதரி, கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, படிவத்தைக் கணவரிடம் மறுபடியும் கொடுங்கள். இந்தப் பக்கத்தையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.